வரத்துக்காலை உன் அப்பா கொடுக்கவில்லை

ராமநாதபுரம் பக்கம் கடலோரத் தாலுகாவில் சர்வேயராகச் சேர்ந்திருக்கும் மகனுக்கு, திருமங்கலத்துக்கு மேற்கேயிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தை கழியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கடலுக்குப் போகும் ஓடையை ஆளுக்குக் கொஞ்சமாக வரப்புப் போட்டு அடைத்துவிட்டதையும், மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் குடிசைகளுக்குள் நிற்பதையும், மீன்குஞ்சு உள்ளே ஏறாமல் போனதையும், ஊர்ச்சனமே மண்வெட்டி எடுத்து ஓடையைத் திறக்க முன்வந்ததையும் எழுதியிருந்தாய். ஓடைக்குள் தென்னை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மட்டும் விட மாட்டேன் என்று நின்றாராம். நீ அவரிடம், எங்கள் அப்பா சொந்தப் புஞ்சையையே வாய்க்காலுக்கு மனசாரக் கொடுத்தவர், நீங்கள் சர்க்கார் ஓடையை விட மாட்டேன் என்கிறீர்களே என்று கேட்டாயாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம். அதைப் பெருமையாக எழுதியிருந்தாய். அப்பாவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன்.

உன் அப்பா கொடுக்கவில்லை. முதலில் அது நம் நிலமே இல்லை. உன் மாமா ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் அது. மலையடி ஓடையில் பிரிந்து, நம் புஞ்சையின் மேற்கு ஓரத்தை ஒட்டி வந்து, இரண்டு மைல் கீழே என் அண்ணன் ஊருக்குப் போய்ச் சேரும். நான் பிறந்த ஊர், நான் குளித்து வளர்ந்த கண்மாய். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தக் காலுக்குள் இரண்டு பேர் அருகருகே நடந்து போகலாம். பிறகு நாலைந்து வருஷம் மழை பொய்த்தது. தண்ணீர் ஓடாத வாய்க்கால் யார் கண்ணிலும் படுவதில்லை. உழும்போது மாடு திரும்புவதற்கு என்று ஒரு சால் உள்ளே போனது. மறு வருஷம் அந்தச் சாலில் விதை விழுந்தது. அதற்கடுத்த வருஷம் அதற்கும் அப்பால் ஒரு சால். உன் அப்பா ஒரே நாளில் போய் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. ஏழெட்டு வருஷத்தில், ஒவ்வோர் உழவிலும் ஒரு முழம் என்று வாய்க்கால் புஞ்சையாகிவிட்டது. பல காலம் வண்டல் படிந்த மண், எதைப் போட்டாலும் வந்தது. அதில் முதலில் கத்தரி நட்டது அப்பா இல்லை, நான்தான். நீ சோற்றில் பிசைந்து தின்ற கத்தரிக்காய் பாதிக்கு மேல் மாமா ஊர்த் தண்ணீர்ப் பாதையில் காய்த்தது.

புஞ்சைக்கும் காலுக்கும் நடுவில் சர்க்கார் கல் ஒன்று நின்றது. ஒரு நாள் பாத்தி பிடிக்கப் போனபோது அது சாய்ந்து கிடந்தது. ஏர் இடித்துச் சாய்ந்ததா, யாராவது சாய்த்ததா என்று நான் கேட்கவில்லை. நம் தொழுவத்தில் கழுநீர்த் தொட்டி ஒரு பக்கம் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. நானும் அப்பாவுமாகக் கல்லைத் தூக்கிவந்து தொட்டிக்கு முட்டுக் கொடுத்தோம். எண் வெட்டியிருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தது நான். ஏன் அப்படி வைத்தாய் என்று நீ இன்று கேட்டால் சொல்வதற்கு நல்ல காரணம் என்னிடம் இல்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், உனக்கு ஒன்பது வயது. மலைப்பக்கம் மழை பெய்தும் மாமா ஊர்க் கண்மாய்க்கு மூன்றாவது வருஷமாகத் தண்ணீர் வரவில்லை. கிணறுகள் வற்றிப் பெண்கள் நம் ஊர் எல்லைவரை குடத்தோடு வந்து போனார்கள். மாமா ஒரு நாள் காலையில் கண்மாயிலிருந்து கிளம்பி, வரத்துக்காலுக்குள்ளேயே நடந்து மேலே வந்தார். கருவேலம் அடைத்துக் கிடந்த இடத்தில் ஊர்ந்தும், மண் மேடிட்ட இடத்தில் ஏறியும் வந்தவர், நம் புஞ்சையின் வரப்பில் வந்து நின்றார். அதற்கு அப்புறம் கால் இல்லை, பருத்திதான் இருந்தது. வேட்டியெல்லாம் முள் கிழித்திருக்க வீட்டுக்கு வந்தார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, வரத்துக்காலு ஒங்க புஞ்சைக்குள்ள வந்து காணாமப் போகுது."

"அது எங்க அப்பா காலத்துல இருந்தே புஞ்சைதான் மச்சான்" என்றார் உன் அப்பா.

"இருக்கட்டும். ஓரத்துல ஒரு கல்லு நின்னுச்சே, அது எங்க?"

"எந்தக் காலத்துக் கல்லு? வெள்ளத்துல போயிருக்கும்."

மாமா அடுப்படிப் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா தாயி?"

"எனக்கென்னண்ணே தெரியும், நான் அடுப்படியில கெடக்கேன்" என்றேன். சொல்லும்போது கையில் அகப்பை இருந்தது, குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். கிண்ட வேண்டிய குழம்பு இல்லை அது. மாமா சரி என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா அன்றைக்கு என்னிடம் நல்லபடியாகப் பேசினார், வழக்கத்தைவிட நல்லபடியாக. இந்த வீட்டுக்கு வந்த பத்து வருஷத்தில் நான் இந்த வீட்டு ஆளாக ஆனது அன்றைக்குத்தான் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது என்றுகூட எழுத வேண்டும், இருந்தது.

மாமா வழக்குக்குப் போகவில்லை. ஊரைக் கூட்டிக் கீழேயிருந்து வெட்டத் தொடங்கினார். வீட்டுக்கு ஓர் ஆள், ஆள் இல்லாத வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி. மண்வெட்டி போதவில்லை. மதுரை சிம்மக்கல்லில் இரும்புக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். வெட்டிய கருவேல மரத்தைக் கரிமூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, ஒரு வண்டி நிறைய மண்வெட்டியும் கடப்பாரையும் அனுப்பிவைத்தார். "வேலை முடிஞ்சு திருப்பிக் குடுங்க. ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது, தண்ணி வரட்டும் இன்ஷா அல்லா" என்றாராம். பெண்கள் கூடையில் வண்டலை அள்ளி அவரவர் வயலில் கொட்டினார்கள். அதனால் கூலி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. தூரத்தில் தெரிந்த தலைகள் நாளுக்கு நாள் நம் பக்கம் வந்தன. நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது பார்ப்பேன். என்னோடு சின்ன வயதில் நொண்டி விளையாடிய பேச்சியம்மா அதில் இருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, அவர்கள் நம் வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் அதற்குமேல் ஒரு வெட்டுக்கூட வெட்டவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார்.

உன் அப்பா திருமங்கலம் போய் மனுக் கொடுத்தார். நாலாம் நாள் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். நீ இப்போது செய்கிற அதே வேலை. கீழே ஒரு கல் கிடைத்தது, அதிலிருந்து மேலே அளந்தார். மேலே கல் இல்லை. வரைபடத்தைப் புரட்டினார், மறுபடி அளந்தார். வரைபடம் பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தது. "ஒரு கல்ல மட்டும் வெச்சுக்கிட்டு நான் கோடு போட முடியாது. யாரு அனுபவத்துல இருக்கோ அப்படியே இருக்கட்டும்னு எழுதிட்டுப் போறேன். ஆட்சேபம் இருந்தா மேல எழுதிக்கங்க" என்றார். நான் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் செம்போடு நின்றேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். அவள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தாள்.

மாமா ஊர் ஆட்கள் சத்தம் போட்டார்கள். மேலே எழுதுவோம், மதுரைக்குப் போவோம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்கப்பா. கல்லு இல்லேன்னு தங்கச்சி வீட்டுல சொல்லிட்டாக. அவ பொய் சொல்ற ஆளு இல்ல. கூடைய எடுங்க, போவோம்."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். பேச்சியம்மா கூடையைத் தலையில் வைத்தாள். அவர்கள் போயிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன் என்று வெகு நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. கத்தவில்லை, மோர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

"கல்லு எங்க தொழுவத்துல இருக்குண்ணே. தொட்டிக்கு முட்டுக் குடுத்திருக்கோம்."

சர்வேயர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "கல்லு கெடச்சா மட்டும் பத்தாதும்மா. அது நின்ன எடம் தெரியணும்" என்றார். நான் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பருத்திக்குள் நடந்தேன். நான் கத்தரி நட்ட இடம், எனக்குத் தெரியாதா. காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினேன். ஓர் ஆள் வெட்டினார். முழங்கால் ஆழத்தில் கரித்துண்டும் ஓட்டாஞ்சில்லும் வந்தன. கல் நடும்போது அடியில் அடையாளத்துக்கு அப்படிப் போடுவது உண்டு என்று சர்வேயர் சொன்னார். உன் அப்பா அதற்குள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் ஏழு மாதம் பேசவில்லை. வேண்டியதை உன்னிடம் சொல்வார். "ஒங்க அம்மாவ வெந்நி வைக்கச் சொல்லு" என்பார், நான் பக்கத்திலேயே நிற்பேன். நீ அதை விளையாட்டு என்று நினைத்து இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சொன்னாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் பெரியப்பா நம் வீட்டு வாசலில் நின்று, பொறந்த வீட்டுக்குத் தண்ணி போகணும்னு புருசன் வீட்டு மண்ணை வெட்டிக் குடுத்தவ என்று சொல்லிவிட்டுப் போனார். உன் தங்கைக்குக் காது குத்தாமல் இரண்டு வருஷம் தள்ளிப் போனதே, தாய்மாமன் மடி கிடைக்காமல்தான். மாமா வரவில்லை என்று நீ அவரிடம் கோபமாக இருந்தாய். அவர் வராமல் இல்லை. வந்து ஊர் எல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆள்விட்டுக் கேட்டு, அப்பா வேண்டாம் என்று சொல்லியனுப்பி, அடுத்த பஸ்ஸில் திரும்பினார். இரண்டு தடவை. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. மாமாவைப் பற்றி நீ தப்பாக நினைத்தாலும் அப்பாவைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கால் வெட்டி முடிந்தது. நம் பருத்தி நாலு வரிசை போனது. அப்பா வெட்டு நடந்த அந்த நாட்களில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐப்பசியில் மலையில் நல்ல மழை பிடித்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு இறங்கியது. நம் புஞ்சை ஓரத்தில் கால் திரும்புகிற இடத்தில் கரை புதுசு, இறுகவில்லை. அங்கே உடைத்துக்கொண்டது. அந்த நேரம் அங்கே இருந்தது உன் அப்பா ஒருத்தர்தான். வேலியில் கிடந்த கருவேல முள்ளை இழுத்துப் போட்டு, அதன்மேல் மண்ணை வெட்டித் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நின்றே அடைத்தார். மாமா ஊர் ஆட்கள் ஓடிவந்து சேர்ந்தபோது உடைப்பு அடைபட்டிருந்தது. முழங்கை வரை முள் கிழித்து ரத்தம். அவர்கள் அவரைத் தூக்காத குறையாகக் கரையேற்றி, தண்ணியைக் காப்பாத்திக் குடுத்துட்டாரு என்று ஊருக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு நான் அந்தக் கையில் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அப்போதுதான் ஏழு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் வாய் திறந்தார்.

"ஒங்க ஊருக்காக அடைக்கல. அடைக்கலேன்னா நம்ம பருத்தி பூராம் போயிருக்கும்."

"தெரியும்" என்றேன்.

"அவுக வேற மாதிரி பேசிட்டுப் போறாக."

"பேசட்டும்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் இப்போது உன் கடிதம் வரைக்கும் வந்திருக்கிறது. மறு வருஷம் அப்பாவைப் பார்த்து, உடைப்பை அடைச்சவர் என்றார்கள். அதற்கு அடுத்த வருஷம், நிலத்தை விட்டுக்குடுத்தவர் என்றார்கள். நீ பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மரம் நடுகிற விழாவில் மேடையில் ஏற்றித் துண்டு போட்டு, மனமுவந்து தானம் செய்தவர் என்றார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். அப்பா இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை நியாயமாக எழுத வேண்டும். அந்த உடைப்புக்குப் பிறகு அப்பா மாறினார். தண்ணீர் வந்தால் நம் கிணறும் ஊறுகிறது என்பதை அவரே பார்த்தார். ஒரு நாள் காலையில் மடியில் பனங்கொட்டை கட்டிக்கொண்டு போய்க் கரை நெடுக ஊன்றினார், யாரும் கேட்கவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து கமிட்டி வைத்தபோது அதில் போய் உட்கார்ந்தார். கண்மாய் பாதிக்குக் குறைவாகப் பெருகிய வருஷம் யாரும் நெல் போடக் கூடாது, கேப்பையோ உளுந்தோ போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு அவர்தான் பிடிவாதமாக நின்றார். மாமாவே நெல் போடப் பார்த்த வருஷம், "மச்சான், ஒங்களுக்கும் அம்புட்டுத்தான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். மாமா சிரித்துக்கொண்டு உளுந்து விதைத்தார். அதற்கப்புறம்தான் காது குத்து நடந்தது. ஆகவே உன் அப்பா நல்ல காரியம் செய்யாதவர் இல்லை. நீ சொன்ன காரியத்தைச் செய்யாதவர், அவ்வளவுதான்.

மாமாவிடம் ஒரு தடவை கேட்டேன். அன்னைக்கு அவ பொய் சொல்ற ஆளு இல்லேன்னு சொன்னியே, நிசமா நம்பித்தான் சொன்னியா, இல்ல என் வாயைப் புடுங்கச் சொன்னியா என்று. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டுல எது சொன்னா ஒனக்குத் தூக்கம் வரும்?" என்று கேட்டார்.

அந்தத் தென்னைக்காரப் பெரியவரை நீ தலைகுனிய வைத்ததாக எழுதினாய். தலை குனிந்தவர் தென்னையை வெட்டிவிடுவார் என்று நினைக்காதே. அப்பா எந்த மேடையிலும் தலை குனிந்துதான் நின்றார், அதனால் ஒரு பிடி மண்ணும் திரும்ப வரவில்லை. அந்தப் பெரியவர் எத்தனை வருஷமாக, எந்தக் கஷ்டத்தில், எவ்வளவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தார் என்று கேள். அவர் வீட்டுப் பெண்களையும் கேள். சர்வேயர் வந்தால் மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், ஆனால் எது எங்கே நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடை திறந்தால் அவர் வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யாராவது உட்கார்ந்து அவருக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்றுக் காலையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தாண்டிவிட்ட உன் வரிகளையும் சேர்த்துப் படித்தேன். நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்டார். இடையில் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் சுளகைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பெரியவரு இப்ப எங்க இருக்காராம்?"

"அவரு ஊர்லதான் இருப்பாரு. வர்ற வியாழக்கிழமை அங்க அளக்கப் போறதா எழுதியிருந்தான்."

"நான் போறேன்" என்றார். கண்ணு தெரியாம எங்க போவீக என்றேன். "சொல்றதுக்குக் கண்ணு எதுக்கு" என்றார். பெட்டியிலிருந்து சலவை வேட்டியை எடுத்து வைத்திருக்கிறார்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். புதன்கிழமை காலை மதுரையில் பஸ் ஏறி மத்தியானத்துக்குள் அங்கே வந்துவிடுவார். வந்த உடனே சோறு போட்டுத் தூங்கவை. மறுநாள் ஓடைக்குக் கூட்டிப்போ. எல்லோர் முன்னாலும் வேண்டாம், அந்தப் பெரியவரோடு ஒரு தென்னை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீ சற்றுத் தள்ளி நில். அப்பா மெதுவாகத்தான் சொல்வார். நடுவில் நிறுத்தினால் நீ எடுத்துச் சொல்லி முடிக்காதே. அவரே முடிப்பார்.